மூடிக்கொண்ட கூரை

சிவமலருக்குக் கம்ப்யூட்டரைக் கண்டு பயம் கிடையாது. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே இருந்த ராதாகிருஷ்ணனின் கட்டடக்கலை அலுவலகத்தில், மைப்பேனா காலத்திலிருந்தே படம் வரைகிறவள் அவள். மற்றவர்கள் தயங்கித் தயங்கி மௌஸைத் தொட்ட நாட்களிலேயே அவள் அதை அடக்கி ஆண்டுவிட்டாள். அதனால்தான் அந்த வருடம் புதிதாக வந்த மென்பொருளை ராதாகிருஷ்ணன் நேராக அவள் மேசைக்கு அனுப்பினார்.

அது கோடு போடுகிற மென்பொருள் இல்லை. வீட்டையே எழுப்புகிற மென்பொருள். சுவர் என்று சொன்னால் கனமும் உயரமும் உள்ள சுவர் எழும்பும். கூரை என்று சொன்னால் சரிவோடு வந்து சுவர்களின் மேல் உட்காரும். வீட்டைச் சுற்றி வரலாம், உள்ளே நுழையலாம், நின்று அண்ணாந்து பார்க்கலாம். சிவமலருக்கு அது பிடித்துப்போயிற்று. கிள்ளான் வீடு வரும்வரைக்கும்.

அது தென்கிள்ளானில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த பழைய பங்களா. பல் டாக்டர் மார்க்கிரட்டுக்குத் தகப்பன் வழியில் வந்த சொத்து. இப்போது அங்கே இருப்பது அவளுடைய அத்தை பூரணம் ஒருத்திதான். ஈப்போவிலிருந்து கிள்ளானுக்கே மாற்றிக்கொண்டு வர நினைத்த மார்க்கிரட், ஓட்டுக் கூரைக்கு அடியில் சும்மா கிடந்த மச்சைத் தனக்கு அறையாக்கித் தரச் சொன்னாள். வெளிச்சத்துக்காக முன்பக்கச் சரிவில் மூன்று டோர்மர் ஜன்னல்கள் வேண்டும். கூரைச் சரிவைத் துளைத்துக்கொண்டு, குட்டி வீடு மாதிரி தனிக் கூரையோடு வெளியே எட்டிப்பார்க்குமே, அந்த ஜன்னல்கள்.

இடது ஜன்னல் சுலபமாக வந்தது. சின்னச் சுவர்களை எழுப்பி, குட்டிக் கூரையைப் பெரிய கூரையோடு சேர்த்து, நடுவே ஓட்டை வெட்டச் சொன்னாள், வெட்டியது. வலதும் அப்படியே. நடு ஜன்னல் மட்டும் வரவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஜன்னல் இருந்தது. மச்சுக்குள் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் வெயில் சதுரமாக விழுந்திருக்க, நடுவே கூரை மூடிக் கிடந்தது. ஜன்னல் இருந்தும் வெளிச்சம் உள்ளே இறங்கவில்லை.

அவளுக்கு இது ஒன்றும் அதிசயமாகப் படவில்லை. இரண்டு கூரைகளும் மயிரிழை விலகியிருந்தால் ஓட்டை விழாது. சரிபார்த்தாள், விலகவில்லை. வெட்டுகிற எல்லைக்கோடு எங்காவது முட்டாமல் நின்றாலும் விழாது. அதுவும் முட்டித்தான் நின்றது. நடு ஜன்னலை அழித்துவிட்டு, நன்றாக இருந்த இடது ஜன்னலையே பிரதி எடுத்து அங்கே வைத்தாள். வைத்த கணமே அதன் ஓட்டை மூடிக்கொண்டது. அதே ஜன்னலை வெறும் கூரை ஒன்றில் வைத்துப் பார்த்தாள். ஓட்டை அழகாக விழுந்தது.

"மலர், ஒரு ஜன்னலையே பிடிச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு உட்கார்ந்திருக்கப் போறே?" என்றார் ராதாகிருஷ்ணன். "கவுன்சில் அனுமதிக்கு ப்ளான் போகணும் லா."

"அது வெட்ட மாட்டேங்குது பாஸ். கீழே ஏதோ தடுக்குது."

கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மேலிருந்து மச்சைப் பார்த்தபோதுதான் அவள் அந்தச் சுவரைக் கண்டாள். நடு ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பலகைத் தடுப்பு, தரையிலிருந்து கூரையின் அடிவரை. அதற்குப் பின்னால் ஒரு ஆள் உட்காரலாம், கால் நீட்டிப் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு இடம். கூரையோடு அந்தச் சுவர் ஒட்டிக்கொண்டிருந்ததால்தான் ஓட்டை விழவில்லை.

காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. அந்தச் சுவரை அவள் வரையவில்லை.

அழித்தாள். ஓட்டை திறந்து வெயில் விழுந்தது. ஃபைலைப் பத்திரமாகச் சேமித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது நடுவே மறுபடியும் இருட்டு. சுவர் அதே இடத்தில் நின்றது.

"யாராச்சும் என் மெஷின்ல உட்கார்ந்தீங்களா?"

"யாரு உட்காருவா? உங்க மெஷினைத் தொட்டா கையை வெட்டிடுவீங்கன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள் டைப்பிஸ்ட் புஷ்பவல்லி.

மெஷின் தானாகச் சேமித்த பழைய பிரதி திரும்ப வந்திருக்கும் என்றார் ராதாகிருஷ்ணன். இருக்கலாம். ஆனால் எந்தப் பழைய பிரதியிலும் அவள் அந்தச் சுவரைப் போட்டதில்லையே. மறுபடி அழித்துவிட்டு, இந்த முறை கண்ணை எடுக்காமல் வீட்டைத் திரையில் மெல்லச் சுற்றினாள். முன்புறம், பக்கவாட்டு, பின்புறம். சுற்றி முன்னால் வருவதற்குள் அது வந்து நின்றிருந்தது.

ஃபைலை மென்பொருள் விற்ற கம்பெனிக்கு அனுப்பினாள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு சீனப் பெண் போன் செய்தாள். இங்கே எல்லாம் சரியாகத் திறக்கிறதே, மூன்று ஓட்டையும் இருக்கிறது, எந்தச் சுவரும் இல்லையே என்றாள். சிவமலருக்கு அப்பாடா என்றிருந்தது. போனை வைக்கப் போன நேரத்தில் அந்தப் பெண் சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

அளவு காட்டுவதற்கு மனித உருவம் வைப்பீர்களே, அதில் ஒன்று நடு ஜன்னலுக்கு அடியில் குந்தியிருக்கிறது. எங்கள் மென்பொருளில் நிற்கிற ஆட்கள்தான் உண்டு. இது நீங்களே செய்ததா? நன்றாக வந்திருக்கிறது.

சிவமலர் போனை வைத்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. கை நீட்டி மானிட்டரை அணைத்தாள்.

மறுநாள் காலை கிள்ளானுக்குப் புறப்பட்டாள். ராதாகிருஷ்ணனிடம், மச்சை அளந்ததில் பிழை இருக்கும், திரும்ப அளக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அது சுமத்ராவில் காடு எரிந்து, புகை கடல் தாண்டி வந்து, நாடே மூச்சுமுட்டிக் கிடந்த வருடம். ரயில் ஜன்னலுக்கு வெளியே சூரியன் சிவப்புப் பொட்டு மாதிரி தொங்கியது. முகமூடி கட்டிய ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பூரணம் கதவைத் திறந்தாள். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை, கேள்வி மட்டும் கூர்மை.

"நீர் ஆர்ட மகள்?"

சிவமலர் தன் தகப்பன் பெயரைச் சொன்னாள். நம் ஆட்கள்தான் என்பது போலப் பூரணம் தலையாட்டிவிட்டு, மச்சுக்குப் போகிற ஏணிப்படியைக் காட்டினாள்.

மேலே புழுக்கம். சிவமலர் டேப்பை நீட்டி உள்ளே அளந்தாள். பிறகு கீழே வந்து வெளிச் சுவரை அளந்தாள். இரண்டும் ஒத்துவரவில்லை. போன தடவை அலுவலகத்திலிருந்து அளக்க வந்தவர்கள் முன்பக்கப் பலகைத் தடுப்பைக் கூரைச் சரிவின் முடிவென்று நம்பிவிட்டிருக்கிறார்கள். இல்லை. பலகைக்கு அப்பால் வெற்றிடம் இருந்தது. மென்பொருள் காட்டிய அதே இடம், அதே ஆழம்.

ஏறிப் போய் விரல் முட்டியால் பலகையைத் தட்டினாள். வெறுங்கூட்டைத் தட்டிய சத்தம். இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.

உள்ளே ஏதோ பாயில் உடம்பு புரள்கிற மாதிரி சரசரத்தது.

"மெல்லத் தட்டும் பிள்ளை!" கீழேயிருந்து பூரணத்தின் குரல் வந்தது. "அண்ணர் நித்திரை."

சிவமலர் எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. பூரணம் அவளை அடுக்களையில் உட்காரவைத்துக் கோப்பி கலந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

அண்ணன் பெயர் சண்முகரத்தினம். ஜப்பான்காரன் காலத்தில், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். தெருவில் போனவன், படம் பார்க்கப் போனவன், எல்லாரையும் லோரியில் ஏற்றினார்கள். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். தகப்பன் ரயில்வே கிளார்க். அவருக்கு எல்லாம் முன்கூட்டியே காதுக்கு வந்தது. மகனை மச்சில் உட்காரவைத்து முன்னால் பலகை அடித்து, ஓரத்தில் ஒரு சின்னக் கதவு மட்டும் வைத்தார். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் கூரையில் சில ஓடுகளைத் தள்ளி வைத்தார். ஊரில் கேட்டவர்களுக்கு, மகன் சயாமுக்குப் போய்விட்டான் என்று சொன்னார்கள்.

"சாப்பாடு நான்தான் கொண்டுபோறது. சின்னப் பிள்ளையில ஆருக்கும் சந்தேகம் வராதெல்லோ."

"ஜப்பான்காரன் போன பிறகு?"

"ஓம். அதுதான் பிழையாப் போச்சு." பூரணம் கோப்பியை ஆற்றினாள். "சண்டை முடிஞ்சுது எண்டு கேள்விப்பட்ட உடனே நாங்கள் எல்லாரும் சந்தோசத்தில கத்திக்கொண்டு மேல ஓடினம். அப்பா கதவை உதைச்சுத் திறந்தார். அண்ணர் மூலையில ஒடுங்கிப்போய் இருந்தார். பிடிச்சுக்கொண்டுபோக வந்திட்டாங்கள், எங்களை முன்னுக்கு விட்டுக் கூப்பிடுறாங்கள் எண்டு நினைச்சிட்டார். எவ்வளவு சொல்லியும் நம்பேல்லை. நாங்கள் வெளியில வந்த உடனே உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டிட்டார். கூரையில இருந்த ஓட்டைக்குள்ளால பாக்கிறாங்கள் எண்டு அழுதார். அப்பா ஓட்டையை மூடினார். பிறகு சாப்பாடும் எடுக்கேல்லை. காய்ச்சலிலயே போய்ச் சேர்ந்திட்டார். அப்பாவும் அயலட்டை ஆக்களும் கொண்டுபோய் எரிச்சவை."

"அப்ப மேல..."

"மேல அவர்தான்" என்றாள் பூரணம், இது என்ன கேள்வி என்பது போல. "வெளிச்சம் ஆகாது அவருக்கு. மார்க்கிரட்டுக்குச் சொன்னனான். அவள் சிரிக்கிறாள்."

அன்று மாலை சிவமலர் நடு ஜன்னல் வேண்டாம் என்று ராதாகிருஷ்ணனிடம் சொன்னாள். பலகைக்குப் பின்னால் இடம் இருக்கிறது, கட்டைகள் தாங்குமோ என்னவோ என்று சுற்றிவளைத்துச் சொன்னாள். அவர் மார்க்கிரட்டுக்குப் போன் செய்தார். கிடைத்த இடமெல்லாம் தனக்கு லாபம்தானே, மூன்று ஜன்னலும் வேண்டும் என்றாள் மார்க்கிரட். ராதாகிருஷ்ணன் அச்செடுத்த படத்தில் நடு ஓட்டையைத் தன் பேனாவாலேயே போட்டுக் கவுன்சிலுக்குக் கொடுத்தார்.

வேலை தொடங்கிச் சில நாளில், கட்டுமான வேலையை எடுத்திருந்த குத்தகைக்காரர் தம்புசாமியிடமிருந்து போன் வந்தது. காஜாங்கில் பெரிய கூரைகளெல்லாம் போட்ட மனிதர். லேசில் குரல் தடுமாறாதவர்.

"தங்கச்சி, இந்த நடு ஜன்னல் என்னா விசயம்? காலையில ஓடுங்களைப் பிரிச்சோம். சாப்பிட்டு வந்து பாத்தா மூடியிருக்கு. சரி, எவனோ விளையாடறான்னு எல்லாரையும் நல்லா ஏசிட்டு, பிரிச்ச ஓடுங்களைக் கீழே கொண்டாந்து லோரியில வெச்சுட்டேன். பின்னாடி டீ குடிச்சுட்டு வந்து பாக்கறேன், கூரை மூடியிருக்கு. லோரியில ஓடு இல்ல. என் ஆளுங்க இனிமே ஏற மாட்டேங்கறாங்க."

"யாரும் எதையும் தொடாதீங்க அண்ணே. நான் வரேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, போய் என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கத்தால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். சுவர் இருந்தது. இந்த முறை அவள் அதை அழிக்கவில்லை. இவ்வளவு நாளும் அவள் செய்ததும் தம்புசாமி செய்ததும் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஒருவன் ஒளிந்திருக்க, மேலேயிருந்து கூரையைப் பிய்ப்பது. அவன் மூடாமல் என்ன செய்வான்?

அந்தச் சுவரை ஏற்கெனவே இருக்கிற சுவர் என்று ஒப்புக்கொண்டு, சரியான கனம் கொடுத்தாள். கூரையோடு அது ஒட்டியிருந்ததை விடுவித்தாள். மச்சுப் பக்கத்திலிருந்து குனிந்து போகிற அளவுக்கு ஒரு கதவு வைத்தாள். அதைத் திறந்த நிலையில் விட்டாள். அதற்குப் பிறகுதான் மேலே ஓட்டை வெட்டச் சொன்னாள்.

வெயில் மச்சுத் தரையில் மூன்று சதுரமாக விழுந்தது. வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மூடவில்லை.

அவள் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் மழை பெய்து ஓய்ந்து, வானம் கழுவிவிட்டது போல இருந்தது. தம்புசாமியும் ஆட்களும் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றார்கள். சிவமலர் நேரே பூரணத்திடம் போனாள்.

"மாமி, அந்தக் காலத்தில சாப்பாடு கொண்டுபோகேக்க எப்படித் தட்டுவீங்கள்?"

"தட்டுறதோ? தட்டினா வெளியில கேட்காதா? நகத்தால சுரண்டுவன். எலி மாதிரி. அப்பதான் நான் எண்டு திறப்பார்."

"சண்டை முடிஞ்ச அண்டைக்கு?"

பூரணம் கையை விரித்துத் தன் நகங்களைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் சுரண்டேல்லை" என்றாள்.

படியேறுவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. சிவமலர் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டாள். பலகைத் தடுப்பின் ஓரத்தில், தூசுக்கு அடியில், சின்னக் கதவின் விளிம்பு தெரிந்தது. தகப்பன் பின்னாளில் அடித்த ஆணிகளைச் சிவமலர் குறட்டால் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். தள்ளிப் பார்த்தாள். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எரிக்கக் கொண்டுபோன நாளில் அதை நீக்கித்தானே வெளியே எடுத்திருப்பார்கள்? பிறகு உள்ளேயிருந்து போட்டது யார்?

பூரணம் தரையில் உட்கார்ந்து, பலகையில் நகத்தை வைத்தாள். கரக், கரக் என்று மெல்லச் சுரண்டினாள். சற்று நிறுத்தி மறுபடி சுரண்டினாள்.

"அண்ணா. நான்தான். ஒருத்தரும் இல்லை. அவங்கள் போய்ட்டாங்கள்."

ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பூரணம் நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டு திரும்பவும் சுரண்டினாள். அவள் குரல் சின்னப் பெண்ணின் குரலாக மாறியிருந்தது.

"பசிக்கேல்லையா அண்ணா?"

உள்ளே மரத்தோடு மரம் உரசுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது, இன்னும் நம்பாத கை நகர்த்துவது போல. கதவு ஒரு சாண் உள்வாங்கியது.

உள்ளேயிருந்து பழைய பாயின் வாடையும் வேர்வை வாடையும் வந்தன. ஆளில்லை. இருட்டில் பாய் விரித்திருந்தது. அதன்மேல் துளி தூசு இல்லை. சிவமலர் பார்த்தது அவ்வளவுதான். ஏனென்றால் அந்தக் கணத்தில் ஏதோ அவளை உரசிக்கொண்டு போனது. காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காற்று குனிந்து வெளியே வந்து, பிறகு முதுகை நிமிர்த்துமா? வெகுகாலம் நிமிராத முதுகு நிமிர்கிறபோது எலும்பு நெட்டி முறிகிற சத்தம் கேட்குமே, அது அவள் காதருகே கேட்டது.

ஏணிப்படி கிறீச்சிட்டது. மேல்படி, அடுத்த படி, அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் நின்று நின்று. கீழே கூடத்தில் நடை தயங்கியது. பிறகு, சாத்தியிருந்த வாசல் கதவு திறக்கிற ஓசை.

பூரணம் எழுந்திருக்க முயலவில்லை. கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிவமலர் கீழே வந்தபோது கதவு விரியத் திறந்து கிடந்தது. வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. தம்புசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு ரயில் பாதைப் பக்கமாகப் பார்த்து நின்றார்.

"யாரு தங்கச்சி அது? வீட்டுல ஆம்பள யாரும் இல்லன்னு சொன்னீங்க."

"யாரைப் பாத்தீங்க?"

"ஒல்லியா ஒரு ஆளு. கண்ணுக்கு மேல கையை வெச்சுக்கிட்டு, வெளிச்சம் தாங்க முடியாத மாதிரி. கேட்டைத் திறந்துவிட்டேன். நல்லா இருன்னு சொல்ற மாதிரி தலையை ஆட்டிட்டுப் போனாரு." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். கையைக் கேட்டிலிருந்து சட்டென்று எடுத்து வேட்டியில் துடைத்தார்.

அன்று பிற்பகல் ஓடுகளைப் பிரித்தார்கள். மாலைவரை திறந்தே இருந்தது. மறுநாளும் அப்படியே. நடு ஜன்னல் மற்ற இரண்டையும் போலவே எழும்பியது. மார்க்கிரட் வந்து பார்த்துவிட்டு, மூன்றில் அதில்தான் வெளிச்சம் அதிகம் என்று கட்டிலை அங்கேயே போட்டுக்கொண்டாள். அலுவலகத்தில் யாருக்கும் சிவமலர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரை எப்படிச் சரிசெய்தாய் என்று ராதாகிருஷ்ணன் கேட்டதற்கு, செய்கிற வரிசைதான் தப்பு பாஸ் என்றாள்.

வீடு முடிந்து சில வாரம் கழித்து அவள் பூரணத்தைப் பார்க்கப் போனாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் மலர்ந்த முகத்தை எதிர்பார்த்திருந்தாள். பூரணம் அடுக்களையில், விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். மார்க்கிரட் கிளினிக்குக்குப் போயிருந்தாள்.

"ஏன் பிள்ளை திறந்தனீர்?" என்றாள் பூரணம். கோபமில்லை, அலுப்பு மட்டும். "அவர் புரண்டு படுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நான் இவ்வளவு காலமும் நித்திரை கொண்டனான். இப்ப வீட்டில ஒரு சத்தமும் இல்லை."

சிவமலர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரயில் ஒன்று போயிற்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை.